ஒரு சட்டைக்குப் பத்து நாள்

கிரிசெல்டா ஒருவழியாக வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். பத்து நாளாக அவளை வாசற்படியிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். இத்தாலிய எழுத்தாளர் போக்காச்சியோவின் தெக்காமெரோன் என்ற கதைத்தொகுப்பில் கடைசிக் கதை, 100-ஆவது; அதைத்தான் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சலுட்சோ பிரபு குவால்த்தியேரி, மனைவி கிரிசெல்டாவின் பொறுமையைச் சோதிக்கிறேன் என்று அவளிடமிருந்து குழந்தைகளைப் பிரித்ததெல்லாம் தெரிந்த கதை, அதை விடுங்கள். 13 வருஷத்துக்கு அப்புறம் "கொண்டுவந்த சீதனத்தோடு போ" என்கிறான். அவள் கொண்டுவந்ததோ வெற்றுடம்பு.

அதற்கு அவள் சொல்லும் பதில்தான் என்னைப் படுத்தி எடுத்தது. கன்னிமையோடு வந்தேன், அதைத் திரும்பக் கொண்டுபோகவில்லை. அதற்கு ஈடாக ஒரே ஒரு... என்ன? மூலத்தில் 'கமிஷா'. நம் சல்வார் கமீஸில் இருக்கிற கமீஸுக்குத் தூரத்துச் சொந்தம். ஆசையாகக் கமீஸ் என்றே எழுதினேன். அம்மா துப்பட்டா தேடுகிற மாதிரி ஆகிவிட்டது. உள்ளாடை என்றால் ஜவுளிக்கடைப் பலகை. அங்கி என்றால் பாதிரியார் வந்து நிற்கிறார். கடைசியில் வெறும் சட்டை. சட்டை செய்யாதவனிடம் சட்டை கேட்கிறாள்! சிலேடை தானாக விழுந்தது, நான் பொறுப்பில்லை. அவன் பதிலும் நறுக்கென்று அமைந்தது: "சரி, ஒரு சட்டை எடுத்துக்கொண்டு போ."

இந்தப் பேச்சில் அவள் 'நீங்கள்', அவன் 'நீ'. இத்தாலிய மூலத்திலும் அப்படியே. கைவசம் உள்ள ஆங்கில மொழிபெயர்ப்பில் இருவருக்கும் ஒரே 'யூ'தான். இந்த இடத்தில் கொஞ்சம் கர்வப்பட்டுக்கொள்கிறேன்.

இப்போது அடுத்த முடிச்சு. பிரித்துவைத்த சொந்த மகளையே புதுப் பெண்டாட்டி என்று அழைத்துவந்து, எப்படியிருக்கிறாள் என்று இவளிடமே கேட்கிறான். நல்ல பெண், ஆனால் "மற்றவளுக்குக் கொடுத்த குத்தல்களை இவளுக்குக் கொடுக்காதீர்கள்" என்கிறாள். அந்த மற்றவள் இவளேதான். கதை முழுக்க அவள் வாயிலிருந்து வரும் சூடான பேச்சு இது ஒன்றுதான். மூலச்சொல் 'புன்த்தூரே'. 'குத்தல்' போதுமா என்று அகராதியைப் புரட்டினால் அந்த எழுத்தில் 16 பக்கம் காணோம். பழைய புத்தகக் கடையில் 300 ரூபாய். கேட்டால், "அதனாலதான் சார் அந்த விலை."

இதற்கு நடுவில் 1373-இல் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா இதே கதைக்குச் செய்த லத்தீன் வடிவத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். மனைவிமார் இவளைப்போல் இருக்கவேண்டும் என்பதற்காக எழுதவில்லை, மனிதர்கள் கடவுளிடம் இப்படி உறுதியாக இருக்கவே எழுதினேன் என்கிறார் அவர். எனக்கு அந்தப் பூச்சு ஒட்டவில்லை. போக்காச்சியோவில் கதை சொல்லும் தியோனேயோ, பிரபு செய்தது கிறுக்கு மிருகத்தனம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். நான் அவன் கட்சி. ஆனாலும் லத்தீனில் அந்தச் சட்டை என்னவாயிற்று என்று பார்க்காமல் இருக்க முடியாது.

இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. 'குத்தல்' இப்போதைக்குப் பென்சிலில்தான் இருக்கிறது.