மூன்று அங்குலம்

காலையில் மதகுப் பக்கம் போனேன். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் அண்ணன் படியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சுவரில் அடி, அங்குலம் எழுதிய அளவுகோல். அலை அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் நோட்டில் எழுதினார்.

"ரெண்டடி மூணு அங்குலம் தம்பி. நேத்து ரெண்டடிதான்."

அந்த மூன்று அங்குலத்துக்கு அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்!

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, வழியெல்லாம் பங்கு போய், கடைசியில்தான் எங்கள் கடைமடைக்கு வரும். இந்தப் பக்கம் அதைத் தொட்டுக் கும்பிட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2007-இல் காவிரி நடுவர் மன்றம், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) தமிழ்நாட்டுக்குக் கொடுக்கக் கர்நாடகத்திடம் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது அதற்கு ஒரு காரணம்.

எங்கள் ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. பெங்களூரின் குடிதண்ணீர்த் தேவையையும் அந்தத் தீர்ப்பு பார்த்தது, சரி, தாகம் யாருக்கும் தாகம்தான். ஆனால் டெல்டா என்று ஒரே சொல்லில் சொல்லும்போது கடலோரத்து உப்பு மண் அதற்குள் காணாமல் போய்விடுகிறது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

டிஎம்சியில் பேசுகிற நதியை லஸ்கர் அண்ணன் அங்குலத்தில் காக்கிறார்.

நான் கிளம்பும்போது ஷட்டரை இன்னும் ஒரு சுற்று ஏற்றினார். கீழே நாற்றங்காலில் இருந்து யாரோ, "வருது, வருது" என்று கத்தினார்கள்.