குப்பிக்குள் இருந்த சீரியம்

நம் பள்ளியில் மேல்நிலை படித்தவர்களுக்கு வேதியியல் சாரை மறக்க முடியாது. ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி வைத்திருப்பார். உள்ளே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல். கருப்பு இல்மனைட் கனிமத்துக்கு நடுவே தேன் நிறத்தில் கிடக்கும் மணிகளைக் காட்டுவார். "மக்கா, இது மோனசைட்ங்கிற கனிமம். இதுல சீரியம், தோரியம்னு ரெண்டு தனிமம் இருக்கு. ரெண்டும் பூமியில உண்டானது இல்ல."

அப்புறம் ஒரு கேள்வி கேட்பார்: "விண்மீனுக்கு உள்ள உண்டானது வெளிய எப்படி வந்துச்சு?"

விண்மீன்களில் தனிமங்கள் உருவாகின்றன என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். அடியில் இருப்பதும் மேலே இருப்பதும் கலக்கும் அந்தக் கலக்கத்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. தோரியம், நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த பெரிய விண்மீன்களின் அடர்ந்த மிச்சங்கள்) மோதுவது போன்ற கடும் நிகழ்வுகளில் பிறப்பது. சீரியத்தின் பெரும்பகுதி அப்படியல்ல. முதுமையில் ஊதிப் பெருத்த சிவப்பு ராட்சத விண்மீன்களின் ஆழத்தில் நிதானமாக உருவானது. கஞ்சி கொதிக்கும்போது அடியில் கிடக்கும் பருக்கை மேலே வருவதுபோல, அந்த விண்மீன்களின் வெளியடுக்கு கொந்தளித்து, ஆழத்தில் இருப்பதை வாரி மேலே கொண்டுவருகிறது.

சாட்சி இருக்கிறது. 1952இல் அமெரிக்க வானியலாளர் பால் மெரில் சில சிவப்பு விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, டெக்னீசியம் என்ற தனிமத்தின் அடையாளக் கோடுகளைக் கண்டார். அதன் எந்த வகையும் (ஐசோடோப்பு) நிலைத்திருக்காது; கதிர்வீசித் தேய்ந்துவிடும். அங்கே உருவாகும் வகை சுமார் 2 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும். விண்மீனின் வயதோ பல கோடி ஆண்டுகள். பிறக்கும்போதே இருந்திருந்தால் எப்போதோ அழிந்திருக்கும். ஆக, அண்மையில் உள்ளே உருவாகி மேலே வந்ததுதான். அத்தகைய விண்மீன்கள் ஊதித் தள்ளிய வாயுவும் தூசும் கலந்த மேகத்தில்தான் சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் பூமியும் உருவாயின. பிறகு மலைப்பாறைகள் தேய்ந்து, ஆறுகள் அடித்துவந்து, நம் கரையில் சேர்ந்தது அந்த மோனசைட்.

நம் சூரியனின் கணக்கு இன்னும் தீரவில்லை. லித்தியம் என்ற தனிமம் சுமார் 25 லட்சம் டிகிரியில் அழியும். சூரியனின் மேற்பரப்பில் லித்தியம், தொடக்க கால அளவைக் காத்துவைத்திருக்கும் விண்கற்களில் உள்ளதில் ஏறக்குறைய 150இல் ஒரு பங்குதான். ஆனால் கொந்தளிக்கும் அடுக்கின் அடிப்பகுதியில் இன்று அவ்வளவு சூடு இல்லை. அதற்கும் கீழே மெதுவான ஏதோ ஒரு கலக்கம் நடந்திருக்க வேண்டும். சுழற்சியா, வேறு காரணமா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. விண்மீன் ஒளியைப் பிரித்துத் தனிமங்களின் அளவைக் கணக்கிடும் வேலை அங்கே நடக்கிறது. அடுத்த கல்விச் சுற்றுலா நிதியில் பிளஸ் டூ பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். பேருந்துச் செலவில் என் பங்கைத் தருகிறேன்.