பழக்கம் மாட்டியிருந்த ஆணி

கல்யாண லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியவர்களிடம் இரண்டு மூன்று மாதம் கழித்துப் பேசினால், ஏறக்குறைய ஒரே குறையைத்தான் சொல்வார்கள். காலையில் அரை மணி நேரம் படித்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது புத்தகத்தைத் திறக்கவே நேரமில்லை. விடியலில் தனியாக உட்கார்ந்து பிரார்த்தனை செய்துகொண்டிருந்தவருக்கு அது விட்டுப்போய்விட்டது. எல்லோருக்கும் முன்னால் வந்து வேலையைத் தொடங்குபவர் பத்து நிமிடம் தாமதமாக ஓடி வருகிறார். "சோம்பேறி ஆகிவிட்டேன்" என்று தன்னையே நொந்துகொள்வார்கள். மனம் கசந்திருக்கும் நாளில் அந்தப் பழி வீட்டில் இருப்பவர் மேல் விழும். இரண்டு பழியுமே நியாயமில்லாதவை.

நாள்பட்ட பழக்கம் மனஉறுதியால் ஓடுவதில்லை. அது ஏதோ ஓர் ஆணியில் மாட்டியிருக்கும். அலாரம் அடித்ததும் விளக்கைப் போடுவது ஓர் ஆணி. முகம் கழுவியதும் ஜன்னலோர மூலையில் உட்காருவது இன்னொன்று. இப்போது பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார், விளக்கைப் போட முடியாது. ஜன்னலோரத்தில் புதிதாக ஓர் அலமாரி நிற்கிறது. பழக்கம் அப்படியே இருக்க, ஆணி மட்டும் போய்விட்டது. அதனால் பழைய பழக்கத்தை வைராக்கியத்தோடு இழுத்துப் பிடிப்பதைவிட, அதை மாட்டப் புதிய ஆணி தேடுவதுதான் முதல் வேலை.

புதிய ஆணி இறுக நாளாகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010-இல் அச்சில் வந்தது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்டப் பொதுவாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை கணக்கு வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய சேதம் செய்யவில்லை. புதுமணத் தம்பதிகள் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இது. லீவு முடிந்த நாளிலிருந்து இரண்டு மாதம் முடியும்வரை "நமக்கு ஒத்துவரவில்லை" என்ற தீர்ப்புக்கே போகக் கூடாது. அந்த இரண்டு மாதத்தில் ஆளுக்கு ஒரு பழக்கத்துக்கு மேல் புதிதாகச் சேர்க்கவும் வேண்டாம். உடற்பயிற்சி, படிப்பு, பிரார்த்தனை, சீக்கிரம் தூங்குவது என்று நான்கையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் பெரும்பாலும் நான்குமே நின்றுபோகும்.

"நாளையிலிருந்து சீக்கிரம் எழுவேன்" என்ற தீர்மானத்தில் ஆணியே கிடையாது. "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்ற வடிவில் சொல்லிக்கொண்டால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். "குளித்துவிட்டு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வேன்" என்பது அந்த வடிவம். முதல் பாதியில் வருவது தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். "நேரம் கிடைத்ததும்" என்பது ஆணியாகாது.

காலை நேரத்தை நிமிடக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் சண்டையின் வேர் தெரியும். ஒரே குளியலறை, இருவரும் 8:30-க்குக் கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உடை மாற்றவும் சாப்பிடவும் கடைசி 30 நிமிடம் தேவை. ஆகவே 8:00-க்குள் இருவரும் குளித்திருக்க வேண்டும். ஆளுக்கு 20 நிமிடம், நடுவில் 5 நிமிட இடைவெளி, மொத்தம் 45 நிமிடம். முதலில் போகிறவர் 7:15-க்கு உள்ளே இருக்க வேண்டும். தனியாக வாழ்ந்த காலத்தில் இருவருமே 7:40-க்குக் குளித்துப் பழகியவர்கள். குளியலறை காலியாக இருக்கும் என்ற பழைய கணக்கிலேயே இருவரும் எழுகிறார்கள். தினமும் காலையில் ஒருவர் கதவைத் தட்டுவது அதனால்தான்.

இந்த 45 நிமிடத்துக்குள்ளேயே ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. குளித்த பிறகு அமைதி தேவைப்படுகிறவர் முதலில் போகட்டும். 7:35-க்கு வெளியே வந்தால் 8:00 வரை 25 நிமிடம் அவருடையது. குளிப்பதற்கு முன் படிக்கவோ நடக்கவோ விரும்புகிறவர் இரண்டாவதாகப் போகட்டும். 7:15-லிருந்து 7:40 வரை அவருக்கும் 25 நிமிடம் கிடைக்கிறது. இருவருக்கும் சம அளவு நேரம்தான். யார் முதலில் என்பதை விட்டுக்கொடுத்தலாகப் பார்ப்பதைவிட, அமைதி யாருக்கு எப்போது வேண்டும் என்று கேட்டு முடிவு செய்வது நல்லது.

அலாரத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். ஒருவர் முன்னதாக எழும் வீட்டில் மூன்று முறை அடித்து அணையும் அலாரம் இரண்டு பேரின் தூக்கத்தைக் கெடுக்கும். மணிக்கட்டில் கட்டும் அதிர்வு அலாரம் இதற்குப் போதும். முன்னதாக எழுபவரின் உடை, அடையாள அட்டை, சார்ஜர், பை எல்லாம் முந்தைய இரவே படுக்கையறைக்கு வெளியே போய்விட வேண்டும். இருட்டில் அலமாரியைத் துழாவும் சத்தம் அலாரத்தைவிட மோசமானது.

மாலையில் வருவது வேறு விதமான சிக்கல். உடல் வீட்டுக்கு வந்துவிடும், மனம் பாதியில் விட்ட வேலையிலேயே நிற்கும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொள்வதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். முடிக்காத வேலைக்கு இது இன்னும் பொருந்தும். துணை ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, "ம்" என்று மட்டும் பதில் வருவது அன்பில்லாததால் அல்ல.

தீர்வு வேலையிடத்திலேயே தொடங்குகிறது. கிளம்புவதற்கு 10 நிமிடம் முன் மூன்று வரி எழுத வேண்டும்: எங்கே நிறுத்தினேன், அடுத்த படி என்ன, நாளை முதலில் தொடப்போவது எது. இரண்டாவது வரிதான் முக்கியம். "அறிக்கையை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் மனம் விடாது. "மூன்றாம் பக்க அட்டவணையில் கடைசி இரண்டு எண்களைச் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினால் விட்டுவிடும். முடிக்காத வேலைக்குத் திட்டவட்டமான திட்டம் இருந்தாலே அந்த நினைப்பு குறுக்கிடுவது குறைகிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போவும் பவுமைஸ்டரும் 2011-இல் காட்டினார்கள். வேலையை முடித்துவிட்டுத்தான் நிம்மதி என்று காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் வரும் முதல் 15 நிமிடத்துக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் வேண்டும். சிலருக்கு உடனே பேச வேண்டும், சிலருக்கு மௌனம் வேண்டும். இரண்டும் சரி. கேட்காமல் ஊகிப்பதில்தான் காயம் உண்டாகிறது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவருக்குத் திரும்பி வரும் பயணமே கிடையாது. லேப்டாப்பை மூடிவிட்டு 10 நிமிடம் வெளியே நடந்து, கதவைத் திறந்து உள்ளே வருவது அந்தக் குறையை ஓரளவு நிரப்பும்.

வீட்டு வேலைப் பங்கீட்டில் பாதிப் பாதி என்ற பேச்சு பெரும்பாலும் நிற்பதில்லை. உளவியலாளர்கள் மைக்கேல் ராஸும் ஃபியோர் சிகோலியும் 1979-இல் தம்பதிகளிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவரும் தங்கள் பங்காகச் சொன்னவற்றைக் கூட்டினால் பெரும்பாலானவர்களுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது நினைவுக்குச் சீக்கிரம் வருகிறது, அவ்வளவுதான். "நான்தான் அதிகம் செய்கிறேன்" என்று இருவருமே நேர்மையாக நம்ப முடியும் என்று தெரிந்தாலே குரல் தணிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத வேலை இன்னொன்று உண்டு. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் அதை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. துணி துவைப்பதையே எடுத்துக்கொள்வோம். சோப்புத்தூள் தீரப்போகிறது என்று கவனிப்பவர் ஒருவர், எந்த நாள் துவைப்பது என்று முடிவு செய்பவரும் அவரே, "இன்று போட்டுவிடு" என்று நினைவூட்டுபவரும் அவரே. மற்றவர் பொத்தானை மட்டும் அழுத்துகிறார். வியாழன் இரவு சோப்புத்தூள் டப்பா காலியாக இருக்கும், வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்குப் போட வேண்டிய சட்டை கூடையில் கிடக்கும். வேலை பகிர்ந்தாயிற்று, ஆனால் சுமை ஒரே தலையில். அந்தத் தலைதான் மறுநாள் மீட்டிங் நடுவில் சோப்புத்தூளை நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு வேலையைக் கொடுத்தால் நான்கு பாகங்களோடும் முழுதாகக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் தன் முறையில் செய்யும்போது கொடுத்தவர் திருத்தப் போகக் கூடாது. துணியை வேறு மாதிரி மடித்தால் குடிமுழுகிப் போய்விடாது.

இறைநம்பிக்கை விஷயத்தில் நல்லெண்ணத்தாலேயே தவறு நடக்கிறது. இனி எல்லாம் சேர்ந்தே செய்வோம் என்ற ஆசையில் தனிப் பிரார்த்தனையைக் கைவிட்டுக் கூட்டுப் பிரார்த்தனை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஊரில் இல்லாத நாளில், ஷிப்ட் மாறும் வாரத்தில், மனத்தாங்கல் வந்த இரவில் அது நிற்கும். அன்றைக்கு இருவருக்குமே எதுவும் மிஞ்சாது. தனி நேரம் தனியாகவே இருக்கட்டும். சேர்ந்து செய்வது 5 நிமிடம் போதும். இருவருக்கும் மனப்பாடமான வரிகளாக இருந்தால் களைத்த நாளிலும் நடக்கும். ஒருவருக்கு ஈடுபாடு கூடவும் மற்றவருக்குக் குறைவாகவும் இருந்தால், "இன்று செய்தாயா?" என்று கேட்பது ஒரு நாளும் வேண்டாம். கேட்கத் தொடங்கினால் பிரார்த்தனை வருகைப் பதிவேடாகிவிடும்.

வழிபாட்டு நேரம் வேலை நேரத்துக்குள் வந்தால் மேனேஜரிடம் முன்பே சொல்லிவிடுவது எல்லோருக்கும் மரியாதை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சூரியனை ஒட்டிய நேரங்கள் கடிகாரத்தில் நகரும். இஸ்லாமியரின் ஐவேளைத் தொழுகை அப்படிப்பட்டது. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கும் யூதர்களின் ஓய்வுநாளும் அப்படித்தான். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும். காலண்டரில் ஒரு முறை குறித்துவிட்டு வருடம் முழுக்க விட்டுவிட்டால் சில வாரத்திலேயே தப்பாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும். கேட்கும்போதும் பொதுவாக "பிரார்த்தனைக்கு நேரம் வேண்டும்" என்றால் மேனேஜருக்கு எதை ஒப்புக்கொள்கிறோம் என்று புரியாது. "இந்த நேரத்தில் 15 நிமிடம் மீட்டிங் வைக்க வேண்டாம், அவசரமென்றால் போனில் கூப்பிடுங்கள், அடுத்த மாதம் நேரம் சற்று மாறும், நானே சொல்கிறேன்" என்றால் சிக்கல் இல்லை. விரத நாட்களில் கனமான வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

காகித வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. அவசரத் தொடர்பு எண், நாமினி, காப்பீடு மூன்றும் பழைய பெயரிலேயே கிடக்கும். பல நிறுவனங்களில் துணையைக் காப்பீட்டில் சேர்க்க நாள் கெடு உண்டு. தவறினால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டும். திரும்பிய முதல் வாரத்திலேயே ஹெச்.ஆரிடம் கேட்டுவிட வேண்டும்.

இடமாற்றம், பதவி உயர்வு, இரவு ஷிப்ட் என்று எது வந்தாலும் அதே அறையில் "சரி" என்று சொல்லிவிடாமல் இருப்பதும் ஒரு பழக்கம்தான். "நாளைக்குள் சொல்கிறேன்" என்றால் நியாயமான மேனேஜர் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டில் கேட்க வேண்டியது சம்பளத்தைப் பற்றி மட்டுமல்ல. எந்த ஆணி பிடுங்கப்படும் என்றும் கேட்க வேண்டும். இரவு ஷிப்ட் என்றால் காலைப் பிரார்த்தனையைக் கடிகாரத்திலிருந்து கழற்றி, வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் என்று மாட்ட வேண்டும். சேர்ந்து செய்யும் 5 நிமிடத்துக்கும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் 20 நிமிடம் இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வீடுகளில் இந்த மாற்றங்கள் ஓசையில்லாமல் நடக்கின்றன. யார் எந்த நாள் தாமதம், யாருக்கு டெட்லைன், எந்த நாள் விரதம், எந்த இரவு இருவருமே லேப்டாப்பைத் திறக்கப்போவதில்லை. பணம், உறவினர், பழைய குறை எதையும் அந்த 20 நிமிடத்துக்குள் விடக் கூடாது. அவற்றுக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். எதிரெதிர் ஷிப்டில் இருக்கும் தம்பதிகள் வாசலருகே ஒரு நோட்டைத் தொங்கவிடலாம். கிளம்புகிறவர் இரண்டு வரி எழுதுவார், வந்தவர் செருப்பைக் கழற்றியதும் படிப்பார்.