கச்சான் காற்றும் குரக்கன் புட்டும்

சென்னை வேளச்சேரியில் உள்ள நீச்சல் வளாகம் 1995 ஆம் ஆண்டின் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. என் பதின்பருவம் முழுவதும் அங்குள்ள 50 மீட்டர் குளத்தில்தான் கழிந்தது. நீருக்கடியில் ஒரு கறுப்புக் கோடு, சுவரில் ஒரு கடிகாரம், கரையில் நின்று நேரத்தைச் சொல்லும் பயிற்சியாளர், பைக்குள் ஒரு புரதமாவு டப்பா. 800 மீட்டரும் 1500 மீட்டரும் நீந்துகிற ஒருத்திக்கு அவையே போதுமானவையாக இருந்தன. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் திருமணமாகித் திருகோணமலைக்கு வந்தபோது இவற்றுள் எதுவும் எனக்கு அங்கே கிடைக்கவில்லை.

வதிவிட விசாவுக்காகக் கொழும்பை அடுத்த பத்தரமுல்லைக்குப் போய்க் காத்திருந்ததையும், வங்கிக் கணக்குத் தொடங்க அலைந்ததையும் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. குடியேறிய எல்லாருக்கும் உரிய அலைச்சல்தான் அது. பேசுவது தமிழ், தெருமுனையில் கோயில், மாலையில் வடை என்று இருக்கும் ஊரில் நான் அந்நியப்பட்டுப் போகவில்லை. என் உடம்புதான் புதிய நாட்டுக்கு வந்ததாக உணர்ந்தது. பத்து வயதிலிருந்து விடியற்காலையில் நீரில் இறங்கிப் பழகிய உடம்புக்கு, நினைத்த நேரத்தில் போய் நீந்த ஒரு குளம் இல்லை. விடுதிகளில் இருப்பவை குளித்து மகிழ்வதற்கானவை. பத்துக் கை வீசினால் சுவர் வந்துவிடும். ஆகவே உப்புவெளிக் கடலுக்குப் போனேன்.

குளத்தில் நீந்துகிறவருக்குக் கடல் வேறு விளையாட்டு. கறுப்புக் கோடு இல்லாததால், சில வீச்சுகளுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்குமேல் உயர்த்தி முன்னால் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும்; தலையை அதிகம் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து வேகம் போய்விடும். உப்புவெளியிலிருந்து தெற்கு நோக்கி நீந்தும்போது, கோணேசர் கோயில் அமைந்திருக்கும் பாறைமுனை எனக்குக் குறியாகிறது. அலை எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு மறுபக்கம் மூச்செடுக்க வேண்டும் என்பதால் இருபுறமும் மூச்சுவிடப் பழக வேண்டியிருந்தது. உப்புநீரின் அடர்த்தி உடலைச் சற்று மேலே தூக்கித் தருவது நன்மை. அதே உப்பு அக்குளிலும் கழுத்திலும் தோலை உராய்ந்து புண்ணாக்குவது தொல்லை. இறங்குமுன் அவ்விடங்களில் தேங்காயெண்ணெயைத் தடித்துப் பூசிக்கொள்கிறேன்.

கடலின் நேரத்தை நிர்ணயிப்பது காற்று. சித்திரை முதல் புரட்டாசி வரை இந்தக் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஐப்பசிக்குப் பின் வடகீழ்ப் பருவக்காற்று மழையையும் பெரிய அலையையும் கொண்டுவரும். அமைதியான அந்த மாதங்களுக்குள்ளேயே கச்சான் காற்று வருகிறது. மேற்கே மலைகளைத் தாண்டி, ஈரம் வற்றி, அனலாகத் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது: கரையோரத்து நீரை அது கண்ணாடிபோல் தட்டையாக்கிக் காட்டும், நீந்தத் தூண்டும், ஆனால் நீந்துகிறவரை வெளியே தள்ளிக்கொண்டும் போகும். ஒருநாள் நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபோது, கரையிலிருந்து இழுக்கும் கரைவலையின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கச்சான் கிளம்பிட்டு, புள்ள. கரையோட நீந்துங்க, ஆழத்துக்குப் போக வேணாம்" என்றார். கையில் கொஞ்சம் மணலை அள்ளி உயரத் தூக்கி விட்டுக் காட்டினார். மணல் நேராகக் கடலை நோக்கிப் பறந்தது. அன்றிலிருந்து இறங்குமுன் நானும் மணலை அள்ளிப் பார்க்கிறேன். கச்சான் நாள்களில் கரைக்கு இணையாக, நிலையெட்டும் ஆழத்திலேயே நீந்துகிறேன்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்தவெளி நீச்சற் போட்டிகளுக்கு உலக நீர்விளையாட்டு அமைப்பு விதித்திருக்கும் நீரின் வெப்ப எல்லை 16 பாகை முதல் 31 பாகை செல்சியஸ் வரை. இங்கே வெயிற்காலத்தில் கடல்நீர் அந்த மேல் எல்லையை நெருங்குகிறது. நீருக்குள் வியர்ப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இறங்குமுன்னும் கரையேறியபின்னும் எடை பார்த்தால் தெரியும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். செவ்விளநீர் இங்கே எந்தத் தெருவோரத்திலும் கிடைக்கிறது, அதை நான் விரும்பியே குடிக்கிறேன். ஆயினும் இளநீரில் மிகுந்திருப்பது பொட்டாசியம், வியர்வையில் பெரிதும் வெளியேறுவது சோடியம்; எனவே ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்தோ, உப்புக் கலந்த கஞ்சியை உடன் குடித்தோதான் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியும்.

இனி உணவைப் பற்றி. நான் வந்த சில மாதங்களிலேயே 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நாட்டைப் பிடித்துக்கொண்டது. பால்மா கிடைக்கவில்லை, எரிவாயுவுக்கு நீண்ட வரிசை, இறக்குமதியான புரதமாவு டப்பாவின் விலையைக் கேட்கவே அச்சமாக இருந்தது. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்ற கணக்கை மனப்பாடமாக வைத்திருந்த நான், அதை எங்கிருந்து எடுப்பது என்று கவலைப்பட்டேன். என் மாமியாரான மாமி கவலைப்படவில்லை. மண்ணெண்ணெய் இன்றிப் பல படகுகள் கரையில் கிடந்த நாள்களிலும், கரைவலையில் வந்த சூடை, நெத்தலி ஆகிய சிறுமீன்கள் விறகடுப்பில் வெந்தன. நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. சிறுமீனை முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் கிடைக்கிறது. சூடை போன்ற எண்ணெய்ச்சத்துள்ள மீனில் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. டப்பாவில் இவ்வளவும் இல்லை என்பதை நான் அந்த அடுக்களையில்தான் ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன்.

மாமி குரக்கன் புட்டு, அதாவது நம்மூர்க் கேழ்வரகுப் புட்டு, அவிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வறுத்த மாவில் உப்பிட்டுச் சுடுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் குழைப்பார். மா கட்டிகட்டியாகத் திரண்டதும், ஒரு தகரப் பேணியின் விளிம்பால் சட்டிக்குள் கொத்தத் தொடங்குவார். கொத்தக் கொத்தக் கட்டிகள் உடைந்து கடுகளவாகும். தேங்காய்ப்பூவைக் கலந்து, பனையோலையால் பின்னிய நீத்துப்பெட்டியில் இட்டு ஆவியில் வைத்தால், மண்வாசனையும் பனையோலை வாசனையும் சேர்ந்து எழும். கடலில் ஒன்றரை மணி நேரம் நீந்திவிட்டு வந்து, ஈரத் தலையோடு, அந்தப் புட்டைச் சூடைமீன் குழம்போடு பிசைந்து உண்பதற்கு நிகரான காலையுணவை நான் எந்தப் போட்டி முகாமிலும் கண்டதில்லை. நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நீச்சலில் உடல் எடையை நீரே தாங்குவதால், ஓட்டக்காரருக்குக் கிடைப்பதைப்போல எலும்புக்கு உறுதியூட்டும் அதிர்வு நீச்சல்காரருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே எங்களுக்குக் கால்சியமும் தரைப்பயிற்சியும் மிகவும் அவசியம்.

ஆனால் நீந்தப் போகுமுன் குரக்கன் உண்ணக் கூடாது. நார்ச்சத்து மிகுந்த அது மெதுவாகச் செரிக்கும். வயிற்றில் கனத்துக்கொண்டு அலையில் புரள்வது துன்பம். முன்னதாக ஒரு கதலி வாழைப்பழமோ இரண்டு இடியப்பமோ போதும். கரையேறிய பின்புதான் புட்டு, சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலை வறை எல்லாம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மரக்கறிதான். அன்று அவித்த கௌபி எனும் தட்டைப்பயறும், மூதூர்ப் பக்கத்திலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிரும் மீனின் இடத்தை நிரப்புகின்றன. நெடுந்தூரம் நீந்திய நாள்களில் மாமி இலைக்கஞ்சி காய்ச்சுவார். சிவப்பரிசியும் உள்ளி எனும் பூண்டும் வெந்ததும், அரைத்துப் பிழிந்த வல்லாரை, முடக்கொத்தான் சாற்றையும் தேங்காய்ப்பாலையும் விட்டு உடனே இறக்கிவிடுவார். அதிகம் கொதித்தால் பச்சை நிறமும் மணமும் போய்விடுமாம். "நீந்திட்டு வந்த உடம்புக்கு இதுதான் புள்ள நல்லம்" என்று சொல்லி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டியும் தருவார்.

இந்த அடுக்களையில் நான் மாற்றக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது இங்கே வழக்கம். தேயிலையில் உள்ள பொருள்கள் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கின்றன. கடும்பயிற்சி செய்யும் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி வரும் பிரச்சினை. எனவே தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, வறையின்மேல் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிந்துகொள்கிறேன். மாமி முதலில் முகம் சுளித்தார். பிறகு தன் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து காட்டி, அவரும் தேநீரைத் தள்ளிவைத்துவிட்டார்.

இந்தக் கடல்களில் நீந்தியவர்கள் எல்லாரும் இத்தகைய சோற்றை உண்டுதான் நீந்தினார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1954 ஆம் ஆண்டு பாக்குநீரிணையைக் கடந்த நவரத்தினசாமி தொண்டைமானாற்றுக்காரர்; 1971 ஆம் ஆண்டு 51 மணி நேரத்தில் அக்கரை போய் மீண்ட ஆனந்தன் வல்வெட்டித்துறைக்காரர். எங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து 1994 இல் குற்றாலீசுவரன் அதே நீரிணையை நீந்தினார். குளத்தில் அவருடைய பெயரைக் கேட்டு வளர்ந்தவள் நான். 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை நீந்திக் கடந்த சிறுவன் ஒருவன் இதே திருகோணமலைப் பாடசாலை மாணவன். அந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்களுள் பெண்பிள்ளைகளே அதிகம். கடலோரத்தில் பிறந்தும் கடலில் முழங்காலளவுக்கு மேல் இறங்காத பெண்கள் இங்கே எத்தனையோ பேர். அது மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதனால் முழுக்கை நீச்சலுடை தைக்கத் தையற்காரரைத் தேடியதும், தாய்மாரை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசியதும் எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.

கொழும்பை அடுத்த கல்கிசையில் ஆண்டுதோறும் நடக்கும் இரண்டு மைல் கடல் நீச்சலுக்கு அவர்களுள் மூவரைத் தயார்ப்படுத்துகிறேன். மழைமாதங்களில் வீட்டுத் திண்ணையில் ரப்பர் பட்டை இழுத்துத் தோளுக்கு வலுவேற்றுகிறார்கள். மழை ஓய்ந்த காலையில் திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் மேயும் சாலையில் ஓடுகிறார்கள். போட்டிக்கு முந்தின இரவு அவர்களுக்கு என்ன கட்டிக் கொடுப்பது என்பதில்தான் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. நான் வெள்ளையரிசிச் சோறும் பருப்பும் மீனும் என்கிறேன். பயணத்தில் சோறு கெட்டுவிடும், இடியப்பமும் சம்பலும்தான் தாங்கும் என்பது மாமியின் கட்சி. தேங்காய்ச் சம்பலும் நெடும்பயணத்தில் புளித்துப் போகும் என்பதால், வழியிலேயே ஒரு வீட்டில் சமைக்க முடியுமா என்று இப்போது கொழும்பில் உறவினர்களை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.