அல்சூரில் வாங்கிய பழைய கெஃப் ஸ்பீக்கர்கள்

ஒரு ஸ்பீக்கரின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. காந்தம் பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கும். ஈரம் படாத பெட்டிக்கும் பெரிய சேதம் வராது. கெட்டுப்போகக்கூடிய இடங்கள் முக்கியமாக மூன்று: கீழ் ஒலியைத் தரும் வூஃபரின் கூம்பு வடிவக் கோனைச் சுற்றியுள்ள வளையம், கீழ் ஒலியையும் உயர் ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள், கோனை அசைக்கும் கம்பிச் சுருளான, அளவுக்கு மீறிய சத்தத்தில் கருகிப்போகும் வாய்ஸ் காயில். இவற்றைச் சோதிக்கத் தெரிந்தவர் தைரியமாகப் பழைய ஸ்பீக்கர் வாங்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் தைரியத்தில்தான் சென்ற மாதம் பெங்களூரு அல்சூரில், பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பெரியவரிடமிருந்து, 1990களில் வந்த கெஃப் க்யூ வரிசை ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

கெஃப் நிறுவனத்தை 1961இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் தொடங்கியவர் ரேமண்ட் குக். பிபிசி தன் ஒலிபரப்புப் பணிக்காக வடிவமைத்த புகழ்பெற்ற எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரில் இருந்த வூஃபரும், உயர் ஒலியைத் தரும் ட்வீட்டரும் இந்த நிறுவனத்தில் செய்யப்பட்டவையே. நான் வாங்கிய ஜோடியில் இருப்பது 1988இல் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய யூனி-க்யூ அமைப்பு. இதில் ட்வீட்டர் தனியாக மேலே இராமல் வூஃபர் கோனின் நடுவிலேயே பொருத்தப்பட்டிருக்கும். டானாய் நிறுவனம் 1940களிலேயே இரண்டையும் ஒரே அச்சில் அமைத்துவிட்டது. ஆனால் கோனின் மையத்துக்குள்ளேயே அடங்கும் அளவுக்குச் சிறிய ட்வீட்டர், வலிமை மிகுந்த நியோடிமியம் காந்தம் வந்த பிறகே சாத்தியமாயிற்று. ஒலியின் இரு பகுதிகளும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவதால், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் குரல் பெரிதாக மாறுவதில்லை. நான்கு பேர் கூடி உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் நம் வீடுகளுக்கு இது பெரிய வசதி.

பெரியவர் வீட்டில் முதலில் வலையைக் கழற்றி வளையத்தைத்தான் பார்த்தேன். அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் பலவற்றில் வளையம் ஃபோமால் செய்யப்பட்டிருக்கும். அது காற்றின் ஈரத்தாலும் வெயிலாலும் பதினைந்து இருபது ஆண்டுகளில் பிசுபிசுத்து, விரல் பட்டாலே தூளாக உதிரும். இந்த ஜோடியில் இருந்தது ரப்பர். நகத்தால் மெல்ல அழுத்திப் பார்த்தபோது குழிந்து உடனே எழும்பியது. வெடிப்பு எதுவும் இல்லை. பிறகு நடுவிலுள்ள ட்வீட்டரைத் தொடாமல், கோனின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து உள்ளே தள்ளினேன். வாய்ஸ் காயில் நேராக இருந்தால் கோன் சத்தமின்றி வழுக்கிச் சென்று திரும்பும். வளைந்தோ கருகியோ இருந்தால் மணல் உரசுவதுபோல் ஒரு கரகரப்பு விரலுக்கே தெரியும். இரண்டு பெட்டிகளிலும் கோன் வழுக்கிச் சென்றது. "சத்தமா வச்சதே இல்ல தம்பி, கச்சேரி கேக்கத்தான் வாங்கினேன்," என்றார் பெரியவர். இரண்டின் பின்புறமும் வரிசை எண்கள் அடுத்தடுத்து இருந்ததால், தொழிற்சாலையிலிருந்து ஒன்றாக வந்த ஜோடிதான் என்பதும் உறுதியாயிற்று.

மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை ஸ்பீக்கரின் பின்புற முனைகளில் வைத்தால், 8 ஓம் என்று குறிக்கப்பட்ட ஸ்பீக்கர் பொதுவாக 6 ஓமை ஒட்டிக் காட்டும். இரண்டு பெட்டிகளின் அளவும் நெருங்கியிருக்கிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது. ஆனால் ட்வீட்டருக்கு முன்னால் நிற்கும் கெபாசிட்டர் மீட்டரின் மின்னோட்டத்தைத் தடுத்துவிடுவதால், ட்வீட்டர் உயிரோடு இருக்கிறதா என்பதை மீட்டர் சொல்லாது. ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸ் திருகை ஒரு பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு பெட்டியையும் தனியாகப் பாடவிட்டு, தம்பூராவின் ரீங்காரத்தையும் ஜால்ராவின் ஒலி அடங்கும் விதத்தையும் பக்கத்தில் நின்று கேட்பதுதான் வழி. இணையத்தில் விற்பவர்கள் அனுப்பும் வீடியோவை நம்பி முன்பணம் அனுப்புவதை நான் ஏற்காததற்குக் காரணமும் இதுவே.

வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டதும் முதலில் மனத்தில் பதிந்தது மிருதங்கம். இடது முகமான தொப்பியில் கும்கி என்னும் இழையும் ஒலி எழும்போது அந்த இழைவு முழுவதும் கேட்டது. வலது முகமான வலந்தலையின் மீட்டுச் சொற்கள் அதனோடு கலக்காமல் தனியாக நின்றன. வாய்ப்பாட்டில் பாடகர் மூச்சை இழுக்கும் இடங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. தவிலின் முழுக் கனத்தை இவ்வளவு சிறிய பெட்டியிடம் எதிர்பார்க்க முடியாது, அதற்கு இன்னும் பெரிய வூஃபர் வேண்டும். ஆனாலும் சுவரை ஒட்டி வைத்துக் கீழ் ஒலியைக் கூட்டிவிடலாம் என்று பலர் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடுவது கனம்தான், தெளிவு போய்விடும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தபோதுதான் தொப்பியின் சுருதி சரியாகப் பிடிபட்டது.

எங்கள் குடியிருப்பில் தரை முழுக்க டைல்ஸ், சுவர் கான்கிரீட். கை தட்டினால் எதிரொலிக்கும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையில் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்ததும் வயலினில் இருந்த காதைக் கூசவைக்கும் கூர்மை கணிசமாகக் குறைந்தது. துணி விரிப்பு உயர் ஒலிகளின் எதிரொலியைத்தான் அடக்கும். கீழ் ஒலிக்கு அதனால் பயனில்லை.

இனிச் செய்ய வேண்டியது கெபாசிட்டர் மாற்றம். இவ்வளவு ஆண்டுகள் ஆன எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உள்ளே உலர்ந்து, அதன் மதிப்பு விலகியிருக்க வாய்ப்புண்டு. பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் அதே மதிப்புள்ளவற்றைத் தேடி வாங்கி, இரண்டு பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் மாற்றப் போகிறேன். ஒன்றில் மட்டும் மாற்றினால் இடமும் வலமும் வேறுவேறாக ஒலித்து, நடுவில் நிற்க வேண்டிய குரல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.