சிவகாசிப் பிரதிகளும் சீகலின் பெயரும்

மார்ச் 3, 2024, ஞாயிறு, சுங்கை சிப்புட், மலேசியா

தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவிலுள்ள மகளிடம் போகவிருக்கும் பெரியம்மா ஒருவர், கிராணியாக, அதாவது தோட்டத்து எழுத்தராக, வேலை பார்த்து மறைந்த தம் கணவர் சேர்த்து வைத்திருந்த படக்கதைகளைத் தகரப் பெட்டியோடு என்னிடம் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். “பழைய பேப்பர் எடுக்கிறவன்கிட்ட போட மனசு வரல தம்பி, நீயே வச்சிக்க” என்றார். முத்து, லயன், ராணி என மூன்று காமிக்ஸ் வரிசைகளும் அதில் கலந்து கிடக்கின்றன. பல பிரதிகளின் பின்னட்டையில் கிராணியாரின் கையெழுத்து, வாங்கிய மாதத்தோடு இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

துருவேறிய பின்களைக் கழற்றி, நூல் கோத்துத் தைத்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் துருதான் முதல் எதிரி, ராமபாணப் பூச்சி இரண்டாவது. செய்தித்தாள் காகிதம் தானாகவே பழுத்து நொறுங்கும் இயல்புடையது; வெயில் படாமல் வைத்து அதைத் தாமதப்படுத்தலாமே தவிர நிறுத்த முடியாது. மலிவான பிவிசி உறை காலப்போக்கில் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், பாலிப்ரோப்பிலீன் உறைகளையே வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 9, சனி

இன்று முழுவதும் ஸ்பைடரோடுதான் கழிந்தது. கூர்மையான காதுகளும், வலை வீசும் துப்பாக்கியும், பெல்ஹாம், ஆர்டினி என்ற இரு கையாட்களுமாகக் குற்றவாளிகளுக்கெல்லாம் மன்னனாக நினைத்த இந்த ஆணவக்காரனை, 1984இல் தொடங்கிய சிவகாசி லயன் காமிக்ஸ் நமக்கு அறிமுகப்படுத்தியது. லண்டனிலிருந்து வெளிவந்த லயன் என்ற வார இதழில் அவன் தோன்றியது 1965இல். முதலில் எழுதியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். சிறிது காலத்திலேயே கதைப் பொறுப்பு அமெரிக்கரான ஜெர்ரி சீகலிடம் வந்தது. ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்தான்.

1938இல் அவ்விருவரும் சூப்பர்மேனின் முழு உரிமையையும் அதை வெளியிட்ட நிறுவனத்துக்கு 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். உரிமையைத் திரும்பக் கேட்டு 1947இல் வழக்குத் தொடுத்ததன் விளைவாகக் கதையிலிருந்து அவர்களுடைய பெயரே எடுக்கப்பட்டது. அறுபதுகளில் மறுபடியும் உரிமை கோரியபோது சீகலுக்கு அந்த நிறுவனத்தில் கிடைத்துவந்த வேலையும் நின்றது. அவர் லண்டன் இதழுக்கு எழுதியது அந்தக் காலத்தில்தான். ஆக, ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கிலோ மின்விளக்கிலோ ஸ்பைடரைப் படித்த பிள்ளைகள், உலகின் முதல் பெரும் அதிநாயகனைப் படைத்தவரின் எழுத்தைப் படித்திருக்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லத்தான் யாருமில்லை. என் கையிலுள்ள பிரதிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், எங்குமே சீகல் இல்லை. 1975இல்தான் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. அந்த 130 டாலரையும் உள்ளடக்கிய 412 டாலர் காசோலை 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனதை நினைத்தால், சேகரிப்பாளர்களாகிய எங்கள் மீதே எரிச்சல் வருகிறது.

மார்ச் 10, ஞாயிறு

முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் தெரியும் அந்த நாயகனை 1962இல் வேலியன்ட் இதழில் முதலில் எழுதியவர் கென் புல்மர். பின்னர் டாம் டல்லி. ஆனால் இந்தக் கதை ஓவியருடையது. பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ நிழலை எவ்வளவு கனமாகத் தீட்டுகிறார் என்பதற்கு ஒரு கட்டம் போதும்: இருட்டறையில் ஒரு கை மட்டும் மின்கம்பியைப் பற்றியிருக்கிறது, விரல் மூட்டுகளில் மெல்லிய வெள்ளைக் கோடு. இந்தப் பிரதியில் மை சற்றே ஊறிப் படர்ந்திருந்தும் அந்தக் கோடு தப்பித்திருக்கிறது. அன்றைய ஆங்கில வார இதழ்கள் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கமில்லாதவை.

மார்ச் 23, சனி

கோலாலம்பூரிலிருந்து ஓர் இளைஞர் அழைத்து, ஸ்பைடர் இதழ்களுக்கு நல்ல விலை சொன்னார். நாகரிகமாகத்தான் பேசினார், ஆனாலும் அட்டை மடிந்திருக்கிறதா என்பதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. பின்னட்டையில் கிராணியாரின் கையெழுத்து இருக்கிறது என்றதும், “அழிக்க முடியுமா அண்ணே?” என்றார். விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 30, சனி

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், வாசிப்பு நிகழ்ச்சிக்குச் சில இதழ்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றின் அருகிலும் எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் நாயகனின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை. பேட்மேனுக்கு உருவம் கொடுத்ததில் பெரும்பங்கு பெற்றிருந்தும், 1974இல் இறந்து, 2015இல்தான் அதிகாரப்பூர்வமாகப் பெயர் பெற்ற பில் ஃபிங்கருக்கும் ஓர் அட்டை எழுதச் சொன்னேன். அவருடைய இதழ் என்னிடம் இல்லையென்றாலும் அட்டை இருக்கட்டும். ஆசிரியை ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாமா என்பதில்தான் இழுபறி. உறையோடு தொடட்டும் என்பது என் கட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும் என்பது அவருடையது.