முதலில் சப்பாத்தைப் பார்

சென்ற மாதம் என் மகள் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து வாங்கினாள். கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும், அடிப்பாகத்தில் மஞ்சள் நூல் தையல் தெரியும் டொக்டர் மார்ட்டின்ஸ் சப்பாத்து அது. லண்டனில் இப்போது அவள் வயதுப் பிள்ளைகள் பலருடைய கால்களிலும் அதைக் காணலாம். அன்று வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, இதுக்கு என்ன நிற லேஸ் போடப் போறாய்?" என்று கேட்டார். கறுப்புத்தான் என்று அவள் சொன்னதும் தலையசைத்துவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தார். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

பெரியப்பா 1969 ஆம் ஆண்டின் இறுதியில் கணக்கியல் படிப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கிழக்கு லண்டனில், பிளாஸ்டோவில், ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தார். தெருவில் எதிரே இளைஞர் கூட்டம் வந்தால் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, முதலில் சப்பாத்தைப் பார்க்க வேண்டும், பார்த்த பின் ஓடாமல், வேகத்தைக் கூட்டாமல் மறுபக்கம் கடந்துவிட வேண்டும் என்பதே அவருக்கு முன் வந்திருந்த மாணவர்கள் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அந்த இளைஞர்களை அவர் இன்றும் "மொட்டையள்" என்றே சொல்கிறார். உலகம் அவர்களை ஸ்கின்ஹெட் என்று அழைத்தது.

ஸ்கின்ஹெட் என்றதும் கையை நீட்டி ஹிட்லர் வணக்கம் செய்யும் வெள்ளை இளைஞனின் படம்தான் நம் மனத்தில் எழுகிறது. ஆனால் அந்த உருவம் பிறந்த இடம் வேறு. 1960களின் நடுப்பகுதியில் பிரித்தானிய நகரங்களில் மொட் என்ற பெயரில் ஓர் இளைஞர் கூட்டம் இருந்தது. விலையுயர்ந்த சூட்டும் ஸ்கூட்டரும் அவர்களுடைய அடையாளம். அந்தச் செலவுக்கு வசதியில்லாத, தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள் மெல்லப் பிரிந்து தமக்கென ஒரு தோற்றத்தை அமைத்துக்கொண்டார்கள். தபால்காரரும் தொழிற்சாலைத் தொழிலாளரும் அணிந்த தடித்த சப்பாத்து, தோள்பட்டி, ஏற்றி மடித்த ஜீன்ஸ், ஒட்ட வெட்டிய தலைமுடி என்று அது தகப்பன்மாரின் உழைப்பு உடையையே பெருமையாக எடுத்து அணிந்துகொண்ட தோற்றமாக இருந்தது. அதன் மற்றப் பாதி கரீபியனிலிருந்து வந்தது. பிரிக்ஸ்டன் போன்ற பகுதிகளில் ஜமெய்க்காவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், ரூட் பாய் என்று அழைக்கப்பட்டவர்கள், கட்டையாக வெட்டிய முடியோடும் உயர்த்திய காற்சட்டையோடும் ஸ்கா, ரெகே இசைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகள் அவர்களோடு ஒரே நடன அரங்குகளில் ஆடி, அவர்களைப் பார்த்தே பலவற்றைக் கற்றுக்கொண்டார்கள்.

1969 ஏப்ரலில் டெஸ்மண்ட் டெக்கர் என்ற ஜமெய்க்கப் பாடகரின் 'இஸ்ரலைட்ஸ்' பிரித்தானிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அந்த வெற்றிக்கு ஸ்கின்ஹெட் பிள்ளைகளும் ஒரு காரணம். அவர்கள் தேடித் தேடி வாங்கிய தட்டுகளில் பெரும்பகுதியை வெளியிட்டது 1968 இல் தொடங்கிய ட்ரோஜன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம். அதை நிறுவியவர்களில் ஒருவரான லீ கொப்தால், இந்திய வம்சாவளியில் வந்த ஜமெய்க்கர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் சந்ததியினர் வாழ்ந்த தீவில் பிறந்த ஒருவருடைய தட்டுகளைக் கேட்டு ஆடிய பிள்ளைகளில் சிலர், அதே இரவில் வீடு திரும்பும் வழியில் தெற்காசியத் தொழிலாளர்களை அடித்து வீழ்த்தினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு பெரிய மறுப்பு உண்டு. ஸ்கின்ஹெட் வரலாற்றைப் பரிவோடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். முதல் தலைமுறை கறுப்பர்களோடு கைகோத்து ஆடிய அப்பாவிப் பிள்ளைகள், இனவெறி பத்து ஆண்டுகள் கழித்து அரசியல்வாதிகள் வெளியிலிருந்து கொண்டுவந்து புகுத்திய நஞ்சு என்பதே அந்தக் கதை. அதில் உண்மை உண்டு. ஆனால் நம்மைப் போன்றவர்களுடைய உடம்பில் விழுந்த அடிக்கு அதில் இடமில்லை. 'பாக்கி பாஷிங்', அதாவது பாகிஸ்தானியரை அடிப்பது, என்ற சொல் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியது 1970 இல். பாகிஸ்தானியர், இந்தியர், இன்றைய வங்கதேசத்தவர், இலங்கையர் என்ற வேறுபாடு எதுவும் அடிப்பவர்களுக்கு இருக்கவில்லை. பெரியப்பா தாம் இலங்கையர் என்று சொல்ல முயன்றதே இல்லை என்கிறார். அந்த ஆண்டு ஏப்ரலில், இரவு வேலை முடிந்து கிழக்கு லண்டனில் வீடு திரும்பிய தோசிர் அலி என்ற சமையலறைத் தொழிலாளி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். நேஷனல் ஃபிரண்ட் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி அந்தப் பிள்ளைகளைத் தேடி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தவை இவை.

ஜமெய்க்கப் பையனை வியந்தவர்கள் நம்மை ஏன் அடித்தார்கள்? ஜமெய்க்கப் பையன் அதே மொழியைப் பேசினான், அதே அரங்கில் ஆடினான், அடித்தால் திருப்பி அடிப்பான் என்ற பெயரும் அவனுக்கு இருந்தது. நம்மவர்களோ புரியாத மொழி பேசி, குடித்து ஆடாமல், வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களாக அவர்களுக்குத் தெரிந்தார்கள். தாங்கள் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்த அயலான் ஒருவன், சேர்த்துக்கொள்ளவே முடியாத அயலான் இன்னொருவன் என்று அவர்கள் பிரித்துவைத்திருந்தார்கள். அந்த ஆரம்ப நாட்களின் நட்பிலும் கறுப்பர்கள் எல்லாரும் அடிபடாமல் தப்பினார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

அவர்களுடைய கோபத்துக்கு வேரான காரணங்கள் உண்மையானவை. கிழக்கு லண்டனின் துறைமுகங்கள் அப்போது ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. கிழக்கிந்தியத் துறை 1967 இல் மூடப்பட்டது. தெருவோடு தெருவாக ஒட்டி நின்ற பழைய வீடுகளை இடித்து, குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு ஏற்றினார்கள். அப்படிக் கட்டிய ரோனன் பொயின்ட் என்ற புத்தம் புதிய மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை 1968 மே மாதத்தில் சரிந்து நால்வர் இறந்தனர். பேர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் பின்னாளில் ஸ்கின்ஹெட் தோற்றத்தை, கண் முன்னே கரைந்துபோன தொழிலாளர் வாழ்வை உடையிலும் தெருச் சண்டையிலும் மீட்டெடுக்க முயன்ற முயற்சி என்று விளக்கினார்கள். அந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் துறையை மூடியவனும் கட்டடத்தைக் கட்டியவனும் அவர்கள் தெருவில் குடியிருக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் நம்மவர்கள்தான். 1968 ஏப்ரல் 20 அன்று பழமைவாதக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஈனொக் பவல் பேர்மிங்ஹமில் நிகழ்த்திய பேச்சு, கண்ணுக்குத் தெரியும் எதிரியாகக் குடியேறியவர்களைக் காட்டியது. மூன்று நாட்களில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் தம்பிகளும் வாழ்ந்த தெருக்களில்தான் பெரியப்பா அறை எடுத்திருந்தார்.

முதல் அலை 1970களின் தொடக்கத்தில் அடங்கியது. பங்க் இசையோடு 1977 அளவில் எழுந்த இரண்டாம் அலை இன்னும் கரடுமுரடானது; தலைகள் முழுவதும் மழிக்கப்பட்டன. 1967 இல் தொடங்கிய நேஷனல் ஃபிரண்ட் கட்சி காற்பந்து மைதான வாசல்களிலும் இசை நிகழ்ச்சிகளிலும் பதின்வயதினரைச் சேர்த்தது. இளைஞர்களுக்கென்று 'புல்டோக்' என்ற பத்திரிகையை நடத்தியது. 1978 மே 4 அன்று வைட்சப்பலில் அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி மூன்று பதின்வயதினரால் கொல்லப்பட்டார். பத்து நாட்களில் ஆயிரக்கணக்கான வங்காளிகள் அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் டவுனிங் தெரு வரை நடந்தார்கள். அவர் விழுந்த இடத்துக்கு அருகிலுள்ள பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1979 பொதுத் தேர்தலில் நேஷனல் ஃபிரண்ட் 303 வேட்பாளர்களை நிறுத்தி எல்லாரையும் தோற்கக் கொடுத்தது. வாக்குப் பெட்டி கைவிட்ட பிறகு, கொள்கையைக் கொண்டுபோக இசை கைகொடுத்தது. லங்காஷயரைச் சேர்ந்த இயன் ஸ்டூவர்ட் டொனால்ட்சன் என்பவர் 1976 இல் தொடங்கிய ஸ்க்ரூட்ரைவர் என்ற குழு, 1983 இல் வெள்ளையர் ஆதிக்கத்தை வெளிப்படையாகப் பாடும் தட்டை வெளியிட்டது. 1987 இல் அவர் ஹிட்லர் இளைஞர் படையின் கத்திகளில் பொறிக்கப்பட்டிருந்த 'இரத்தமும் மானமும்' என்ற வாசகத்தையே பெயராக வைத்து ஒரு வலையமைப்பைத் தொடங்கினார். துண்டுப் பிரசுரத்தைக் கையில் வாங்காத பதினாறு வயதுப் பையன் ஒலிநாடாவை வாங்கினான். இசைத்தட்டு அஞ்சலில் போயிற்று. நிகழ்ச்சிக் கட்டணம் அமைப்புக்குப் போயிற்று. ஜெர்மனியிலும் சுவீடனிலும் அமெரிக்காவிலும் அதே உடை, அதே பாட்டு, அதே வெறுப்பு முளைத்தது.

அந்த இசை சுமந்து சென்ற நம்பிக்கை இதுதான்: வெள்ளை இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது, அந்த அழிவை மறைந்திருந்து திட்டமிடுகிறவர்கள் யூதர்கள், குடியேறியவர்கள் அவர்கள் ஏவிய கருவிகள், அரசாங்கமும் பத்திரிகைகளும் அவர்கள் கைப்பிடியில் இருக்கின்றன. இதை ஒருமுறை நம்பிவிட்டவனுக்கு எந்தச் சான்றும் மறுப்பாகாது. மறுக்கும் செய்தித்தாளே சதியின் பகுதியாகிவிடும். வேலை போனதும் வீடு இடிந்ததும் ஒரே எதிரியின் செயலாகத் தெரியும். அடித்து நொறுக்குவதே தற்காப்பு என்று தோன்றும். அமெரிக்காவில் அலன் பேர்க் என்ற யூத வானொலியாளரின் கொலைக்குத் துணைநின்று சிறையிலேயே இறந்த டேவிட் லேன், வெள்ளைக் குழந்தைகளின் எதிர்காலத்தைக் காப்பது பற்றிப் பதினான்கு ஆங்கிலச் சொற்களில் எழுதிய வாசகம் அவர்களுக்கு மந்திரமாயிற்று. ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது எழுத்தை இருமுறை குறிக்கும் 88, ஹிட்லர் வாழ்க என்பதற்குக் குழூஉக்குறி. தாம் இனவெறியர் என்று காட்டச் சப்பாத்தில் கட்டிய வெள்ளை லேஸ், சிவப்பு லேஸ் என்ற அடையாளங்களும் இந்தக் காலத்தவையே. ஊருக்கு ஊர் பொருள் மாறினாலும், பெரியப்பாவைப் போன்றவர்கள் ஆராய்ந்துகொண்டு நிற்கவில்லை.

1988 நவம்பரில் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் முலுகேட்டா செராவ் என்ற எத்தியோப்பிய மாணவர் ஸ்கின்ஹெட் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் கும்பலைத் தூண்டிவிட்ட டொம் மெற்ஸ்கர் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், 1990 இல் நடுவர் குழு மொத்தம் 1.25 கோடி டொலர் நட்டஈட்டுக்குத் தீர்ப்பளித்தது. 1993 இல் ஜெர்மனியின் சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீடு கொளுத்தப்பட்டு ஐந்து பெண்களும் சிறுமிகளும் இறந்தனர். 2012 ஆகஸ்டில் விஸ்கொன்சினின் ஓக் கிரீக் குருத்துவாராவுக்குள் புகுந்து சுட்டவன், இந்த இசைக் குழுக்களில் கிற்றார் வாசித்தவன்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. 1976 இல் தொடங்கிய 'இனவெறிக்கு எதிரான ரொக்' இயக்கமும், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஸ்கா வாசித்த கொவென்ட்ரி நகரக் குழுக்களும் அந்த இசையை இனவெறியர் கையில் விட்டுவிட மறுத்தன. நியூயோர்க்கில் 1980களின் பிற்பகுதியில் இனவெறியை எதிர்க்கும் ஸ்கின்ஹெட்களின் அமைப்பு ஒன்று தோன்றியது. அதன் சின்னம் ட்ரோஜன் நிறுவனத்தின் தலைக்கவசச் சின்னத்தைத் தழுவியது.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் பெரியப்பாவுக்கு 'இஸ்ரலைட்ஸ்' பாட்டைப் போட்டுக் காட்டினேன். முதல் சில நொடிகளிலேயே அவர் தலை நிமிர்ந்தது. பிளாஸ்டோ அறையில் இருந்த நாட்களில் சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதைத் திரும்பத் திரும்பப் போடுவான் என்றார். நல்ல பாட்டு என்று தாமும் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாராம். ஒருநாள் மாலை, மூலைக் கடை வாசலில் தன்னைத் தள்ளி விழுத்தியவர்களில் அவனும் ஒருவன் என்று சொல்லிவிட்டு, பாட்டு முடியும் வரை பேசாமல் இருந்தார்.